எல்லா மையமும் எதிரானால் அது எனன்சியோமர்தானா?

வாசகர் கேள்வி, 2024.05.11

சேர், நான் தலவாக்கலைப் பக்கம். உயர்தரப் பரீட்சைக்கு இரண்டாவது தடவை தயாராகிறேன். ஒரு மாதிரி வினாத்தாளில் தாத்தாரிக் அமிலத்தின் இரண்டு பிசர் எறியங்களை (மூலக்கூறைக் குறுக்கும் நெடுக்குமான கோடுகளால் தாளில் தட்டையாக வரையும் படங்களை) தந்து, இவற்றுக்கிடையிலான உறவு யாது என்று கேட்டிருந்தார்கள். முதலாவதில் இரண்டு ஐதரொட்சில் கூட்டங்களும் வலப்பக்கம், இரண்டாவதில் இரண்டும் இடப்பக்கம். கைரல் மையங்களுக்கு, அதாவது நான்கு வேறுபட்ட கூட்டங்களைத் தாங்கும் காபன்களுக்கு, அக்கூட்டங்கள் அமைந்த திசையைக் குறிக்கும் ஆர், எஸ் போட்டுப் பார்த்தேன். முதலாவது 2ஆர்,3எஸ், இரண்டாவது 2எஸ்,3ஆர். எல்லா மையமும் எதிராக இருப்பதால் எனன்சியோமர், அதாவது ஒன்றின்மீது ஒன்று பொருந்தாத ஆடி விம்பங்கள், என்று எழுதினேன். விடைத்தாளில் "ஒரே சேர்வை" என்று இருக்கிறது. விடைத்தாள்தான் பிழை என்பது என் கருத்து.

2024.05.11, இரவு 9.40

தம்பி, விடைத்தாள் சரி. முதலாவது படத்தை மேசையிலிருந்து தூக்காமலே அரைச் சுற்றுத் திருப்பிப் பாருங்கள். வலப்பக்கம் இருந்த ஐதரொட்சில்கள் இரண்டும் இடப்பக்கம் வந்துவிடும். மேலும் கீழும் இருப்பவை இரண்டும் காபொட்சிலிக் கூட்டங்களே என்பதால் அவை இடம் மாறியது கண்ணுக்கே தெரியாது. கிடைப்பது உங்கள் இரண்டாவது படம்.

நீங்கள் போட்ட ஆர், எஸ் சரியானவை. ஆனால் இந்தச் சங்கிலிக்கு எந்த முனையிலிருந்தும் இலக்கமிடலாம். மறுமுனையிலிருந்து எண்ணினால் 2எஸ்,3ஆர் என்பதே 2ஆர்,3எஸ் ஆகிவிடும். முன்வாசலால் வந்தவரையே பின்வாசலாலும் வரவைத்து இரண்டு பேர் என்று எண்ணியிருக்கிறீர்கள். கைரல் மையங்கள் இருந்தும் தன் ஆடி விம்பத்தோடே பொருந்திவிடும் இந்த வடிவத்துக்கு மெசோ என்று பெயர். மழையில் மின்சாரம் போய்ப் போய் வருகிறது; மிச்சம் நாளை.

2024.05.12, ஞாயிறு

நேற்று எழுதியது அந்த ஒரு வினாவுக்கு மட்டுமான விடை. எனக்கு உண்மையில் கவலை தருவது வேறொன்று. ஹட்டனில் நான் வகுப்பு எடுக்கும் பிள்ளைகளிலும் பாதிப் பேர் இதே வழியில்தான் போகிறார்கள்: இரண்டு மூலக்கூறுகளைக் கண்டவுடன் ஆர், எஸ் போடத் தொடங்கிவிடுகிறார்கள். அது கடைசியாகச் செய்யவேண்டிய வேலை. பல வினாக்களில் அது தேவைப்படுவதே இல்லை.

சமபகுதியம் (ஒரே மூலக்கூற்றுச் சூத்திரம் கொண்டும் வேறு சேர்வையாக இருப்பது) என்பது ஒரு மூலக்கூறின் குணம் அன்று, இரண்டுக்கிடையிலான உறவு. ஒருவரைக் காட்டி "இவர் சம்பந்தி" என்று மட்டும் சொன்னால், "யாருக்கு?" என்று வீட்டில் எல்லாரும் கேட்பார்கள். அதேபோல "இது எனன்சியோமர்" என்ற வசனமும் பாதியிலே நிற்கிறது. எதற்கு எனன்சியோமர் என்பதைச் சொன்னால்தான் அது முடியும். உறவு சொல்ல நம் பெரியவர்கள் ஒழுங்காகத்தான் விசாரிப்பார்கள்: எந்த ஊர், எந்தத் தோட்டம், யார் வீட்டுப் பிள்ளை என்று வெளியிலிருந்து உள்ளே வருவார்கள். மூலக்கூறிலும் அந்த ஒழுங்குதான் வேண்டும்.

முதலில் அணுக்களை எண்ண வேண்டும். மூலக்கூற்றுச் சூத்திரம் ஒன்றாக இல்லாவிட்டால் அவை சமபகுதியங்களே அல்ல, பேச்சு அங்கேயே முடிந்தது. சூத்திரம் ஒன்றாக இருந்தால், எந்த அணு எதனுடன் பிணைந்துள்ளது என்ற தொடர்பைப் பார்க்க வேண்டும். தொடர்பு வேறானால் கட்டமைப்புச் சமபகுதியங்கள். தொடர்பும் ஒன்றானால், ஒன்றை எப்படியெல்லாமோ திருப்பி மற்றதன்மீது மேற்பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். பொருந்தினால் ஒரே சேர்வை. பொருந்தாவிட்டால் திண்மச் சமபகுதியங்கள். அதிலும் ஒன்று மற்றதன் ஆடி விம்பமானால் எனன்சியோமர், ஆடி விம்பம் அல்லாவிட்டால் டயஸ்திரியோமர்.

எண்ணுவது சின்ன வேலை என்று நினைக்கவேண்டாம். போன வருடம் ஒரு பிள்ளை கஃபீனும் தியோபுரோமினும் சமபகுதியங்கள் என்று எழுதியிருந்தாள். படங்கள் அவ்வளவு ஒத்திருக்கும். கஃபீனில் காபன் 8, ஐதரசன் 10. தியோபுரோமினில் காபன் 7, ஐதரசன் 8. கஃபீனில் மெதயில் கூட்டங்கள் மூன்று, மற்றதில் இரண்டு. உறவு இல்லை. ஆனால் தியோபுரோமினுக்கு உண்மையான ஒரு சமபகுதியம் தேயிலையிலேயே மிகச் சிறிய அளவில் இருக்கிறது, அது தியோபிலின். இரண்டிலும் காபன் 7, ஐதரசன் 8, நைதரசன் 4, ஒட்சிசன் 2. தியோபுரோமினில் மெதயில்கள் 3ஆம், 7ஆம் இடங்களில். தியோபிலினில் 1ஆம், 3ஆம் இடங்களில். தானம் மாறிய கட்டமைப்புச் சமபகுதியங்கள். தியோபுரோமின் கொக்கோவில் நிறைய உண்டு. தியோபிலினை மூச்சிழுப்புக்கு மருந்தாகக் கொடுத்தார்கள். ஒரு மெதயில் இருக்கும் இடம் அந்த அளவுக்குப் பேசுகிறது.

2024.05.14

தம்பி எழுதுகிறார்: "திருப்பிப் பார்க்கச் சொல்வது எளிது, தாளில் இருப்பதை எப்படித் திருப்புவது?" நியாயமான கேள்வி. நான் படித்த காலத்தில் எங்கள் பாடசாலையில் மாதிரிப் பெட்டி இருக்கவில்லை. கடைசி லயத்தில் இருந்த எங்கள் வீட்டு அடுப்படியில்தான் நான் முதலாவது கைரல் காபனைச் செய்தேன். இப்போதும் வகுப்பில் அதையே செய்கிறேன், மரக்கறிக்கு மலைநாட்டில் பஞ்சமில்லை.

சின்ன உருளைக்கிழங்கு ஒன்று காபன். அதில் நான்கு ஈர்க்குகளைக் குத்துங்கள். நான்கும் ஒரே தளத்தில் வரக்கூடாது; மூன்று கீழே கால்போல் ஊன்றி நிற்க ஒன்று மேலே நிமிர்ந்திருக்க வேண்டும், எந்த இரண்டுக்கிடையிலும் ஏறக்குறைய 109.5 பாகை. முனைகளில் கரட், பீட்ரூட், ராபு, போஞ்சித் துண்டுகளை ஒவ்வொன்றாகக் குத்துங்கள். இப்போது சவரக் கண்ணாடியை எதிரே வைத்து, அதில் தெரிவதைப் பார்த்து இன்னொன்று செய்யுங்கள். இரண்டையும் கையில் எடுத்துப் பொருத்திப் பாருங்கள். போஞ்சியும் ராபும் பொருந்தும் இடத்தில் கரட்டும் பீட்ரூட்டும் மாறி நிற்கும். எப்படிப் பிடித்தாலும் எதோ இரண்டு முரண்டு பிடிக்கும். அடுத்து, ஒன்றில் கரட்டையும் பீட்ரூட்டையும் கழற்றி இடம் மாற்றுங்கள். உடனே பொருந்திவிடும். எந்த இரண்டை மாற்றினாலும் ஒரு மாற்றம் எதிர் வடிவத்தைத் தரும், இரண்டு மாற்றங்கள் பழைய வடிவத்துக்கே கொண்டுவரும். இந்த ஒன்றைக் கையால் உணர்ந்த பிள்ளை பரீட்சை மண்டபத்தில் தடுமாறுவதில்லை.

பிறகு போஞ்சியைக் கழற்றிவிட்டு இரண்டாவது ராபை வையுங்கள். கண்ணாடியில் தெரிவதும் கையில் இருப்பதும் இப்போது பொருந்தும், ஏனென்றால் இரண்டு ராபுகளுக்கு நடுவால் ஒரு சமச்சீர்த் தளம் போகிறது.

தாத்தாரிக் அமிலத்துக்கு இரண்டு உருளைக்கிழங்குகளை ஓர் ஈர்க்கால் இணைத்து, ஒவ்வொன்றிலும் ஐதரொட்சிலுக்குக் கரட், காபொட்சிலிக் கூட்டத்துக்குப் பீட்ரூட், ஐதரசனுக்கு ராபு வையுங்கள். உங்கள் இரண்டு படங்களையும் செய்து பாருங்கள்.

2024.05.17

ஒரு திருத்தம். 11ஆம் திகதி நான் படத்தை மேசையிலே திருப்பச் சொன்னதை வாசித்த பண்டாரவளைத் தங்கை ஒருவர், "அப்படியானால் காற்சுற்றும் திருப்பலாமா?" என்று கேட்டிருக்கிறார். பிசர் எறியத்தில் கூடாது. அரைச் சுற்று மட்டுமே ஆகும். அந்த எறியத்தில் கிடைக்கோடுகள் நம்மை நோக்கி வெளியே வரும் பிணைப்புகள், நிலைக்குத்துக் கோடுகள் பின்னால் போகும் பிணைப்புகள். ஒரேயொரு கைரல் மையமுள்ள படத்தைக் காற்சுற்றுத் திருப்பினால் வெளியே வந்தவை உள்ளேயும் உள்ளே போனவை வெளியேயும் ஆகி, நீங்கள் எனன்சியோமரை வரைந்தவர் ஆகிறீர்கள். படத்தைத் தூக்கிக் குப்புறக் கவிழ்ப்பதும் அதே காரணத்தால் கூடாது. அன்றைக்கே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

2024.05.19, ஞாயிறு

திண்மச் சமபகுதியத்துக்குள் நேரே பாய்ந்துவிட்டோம். தொடர்பைப் பார்க்கும் படியிலேயே வழுக்கி விழுபவர்கள் அதிகம். சங்கிலியை வளைத்தும் மடித்தும் வரைந்துவிட்டால் அது புதிய சேர்வைபோலத் தோன்றுகிறது. ஐதரொட்சிலை இடமிருந்து இரண்டாவது காபனில் போட்டாலும் வலமிருந்து இரண்டாவதில் போட்டாலும் அது பியூற்றன்-2-ஓல்தான். பியூற்றன்-3-ஓல் என்று ஒன்று இல்லை. ஐயம் வந்தால் இரண்டுக்கும் முறைப்படி பெயரிடுங்கள். பெயர் ஒன்றாக வந்தால் தொடர்பும் ஒன்று.

காபன் 4, ஐதரசன் 10, ஒட்சிசன் 1 என்ற சூத்திரத்துக்கு எத்தனை சமபகுதியங்கள் என்று என் வகுப்பில் கேட்பேன். அற்ககோல்கள் நான்கு, ஈதர்கள் மூன்று, ஆக ஏழு. ஈதர்களை மறந்துவிட்டு நான்கோடு நிற்பவர்களே அதிகம். அற்ககோலும் ஈதரும் தொழிற்பாட்டுக் கூட்டச் சமபகுதியங்கள் என்பதை எல்லாரும் பாடமாக்கி வைத்திருக்கிறார்கள், ஆனால் எண்ணும்போது அது நினைவுக்கு வருவதில்லை. எதனோல் 78 பாகையில் கொதிக்கிறது. அதே அணுக்களால் ஆன இருமெதயில் ஈதர் −24 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. ஐதரசன் பிணைப்பு இருப்பதும் இல்லாததும்தான் அந்த நூறு பாகை வித்தியாசம்.

2024.05.20

ஏழு அன்று, எட்டு என்று தம்பி எழுதியிருக்கிறார். பியூற்றன்-2-ஓலில் இரண்டாவது காபன் கைரல் மையம், ஆகவே அது இரண்டு எனன்சியோமர்களாக இருக்கும் என்கிறார். முழுக்கச் சரி. கட்டமைப்புச் சமபகுதியங்கள் ஏழு, திண்மச் சமபகுதியங்களையும் சேர்த்தால் எட்டு. வினாவில் எந்தச் சொல் இருக்கிறது என்பதைப் பார்த்து விடை எழுதுங்கள்.

2024.05.26, ஞாயிறு

நேற்று தடிமனுக்கு ஆவி பிடிக்க வீட்டில் யூக்கலிப்டஸ் தைலத்தைத் திறந்தார்கள். அந்த வாசனைக்கு முக்கிய காரணம் சினியோல் என்ற சேர்வை: காபன் 10, ஐதரசன் 18, ஒட்சிசன் 1. தேயிலை வாசனைக்குள் இருக்கும் லினலூலின் சூத்திரமும் அதுவே, ஜெரனியோலின் சூத்திரமும் அதுவே. கொழுந்தை வாடப்போட்டிருக்கும் மாடிக்குள் அப்பாவோடு சின்ன வயதில் போயிருக்கிறேன். அந்தப் பூவாசனையில் இவையும் உண்டு. ஆவியில் குந்தியிருந்தபடியே இன்றைய குறிப்பை யோசித்துவிட்டேன்.

பத்துக் காபன் கொண்ட நிரம்பிய திறந்த சங்கிலிக்கு 22 ஐதரசன் வேண்டும். இங்கே நான்கு குறைகிறது. ஓர் இரட்டைப் பிணைப்போ ஒரு வளையமோ இரண்டு ஐதரசனைக் குறைக்கும். ஆகவே இச்சூத்திரமுள்ள எந்தச் சேர்வையிலும் இவை இரண்டும் சேர்ந்து மொத்தம் இரண்டு இருக்க வேண்டும். லினலூலிலும் ஜெரனியோலிலும் இரண்டு இரட்டைப் பிணைப்புகள், வளையம் இல்லை. அல்பா-தேர்ப்பினியோலில் ஒரு வளையம், ஓர் இரட்டைப் பிணைப்பு. சினியோலில் இரட்டைப் பிணைப்பே இல்லை, இரண்டு வளையங்கள். ஒட்சிசனும் ஐதரொட்சிலாக இல்லாமல் ஈதராக வளையத்துக்குள் இருக்கிறது. எனக்கு இந்தக் கணக்கு இன்றைக்கும் இனிக்கிறது. எட்டு மாதம் படித்தும் விளங்காத ஒன்றை ஒரு தைலப் போத்தல் விளக்கிவிடுகிறது.

லினலூலும் ஜெரனியோலும் ஒரே எலும்புக்கூடு கொண்டவை. ஐதரொட்சிலும் ஓர் இரட்டைப் பிணைப்பும் இடம் மாறியிருக்கின்றன. கட்டமைப்புச் சமபகுதியங்கள். லினலூலில் ஒரு கைரல் மையம் உண்டு, ஜெரனியோலில் இல்லை.

இப்போது ஜெரனியோலையும் நெரோலையும் எடுங்கள். தொடர்பு ஒன்றே. 2ஆம் காபனில் தொடங்கும் இரட்டைப் பிணைப்பில் மட்டும் கூட்டங்கள் நிற்கும் பக்கம் வேறு. இவை கேத்திரகணிதச் சமபகுதியங்கள். 6ஆம் காபனில் இன்னோர் இரட்டைப் பிணைப்பு இருக்கிறதே, அதனால் நான்கு வடிவங்கள் வராதா என்று கேட்கலாம். வராது. அதன் ஒரு முனையில் இரண்டு மெதயில்கள் ஒன்றாக நிற்கின்றன; அவற்றை மாற்றி வைத்தாலும் ஒன்றும் மாறாது.

2024.06.02, ஞாயிறு

மேலே சொன்னதற்குத் தொடர்ச்சி. பல வருடங்களுக்கு முன் நான் வாங்கிய அச்சடித்த குறிப்பு ஒன்றில் "சிஸ்-பியூற்-1-ஈன்" என்று இருந்தது. அதை அப்படியே பாடமாக்கி, அந்த வருடப் பரீட்சையில் எழுதியும் வைத்தேன். பியூற்-1-ஈனின் முனைக் காபனில் இரண்டு ஐதரசன்கள் இருக்கின்றன, அதற்குச் சிஸ்ஸும் (கூட்டங்கள் ஒரே பக்கம்) இல்லை திரான்ஸும் (எதிரெதிர்ப் பக்கம்) இல்லை. இரட்டைப் பிணைப்பின் இரண்டு காபன்களும், ஒவ்வொன்றும் தன்னளவில், இரண்டு வேறுபட்ட கூட்டங்களைத் தாங்கினால் மட்டுமே கேத்திரகணிதச் சமபகுதியம் உண்டு. அச்சில் இருப்பதால் ஒன்று சரியாகிவிடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். தம்பி விடைத்தாளைச் சந்தேகித்ததை நான் ஒருபோதும் குறையாக எண்ணவில்லை.

சிஸ்-பியூற்-2-ஈனுக்கும் திரான்ஸ்-பியூற்-2-ஈனுக்கும் உள்ள உறவு என்ன? 12ஆம் திகதிய ஒழுங்கிலே போங்கள். சூத்திரம் ஒன்று, தொடர்பு ஒன்று, மேற்பொருந்தவில்லை, ஆடி விம்பமும் இல்லை. ஆகவே டயஸ்திரியோமர்கள். கைரல் மையம் இருந்தால்தான் டயஸ்திரியோமர் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். டயஸ்திரியோமர்களின் பௌதிக இயல்புகள் வேறுபடும். மலெயிக் அமிலமும் பியூமரிக் அமிலமும் நல்ல உதாரணம்: மலெயிக் அமிலத்தில் இரண்டு காபொட்சிலிக் கூட்டங்களும் ஒரே பக்கம் இருப்பதால் சூடாக்கினால் இலகுவாக நீரை இழந்து நீரிலியாக மாறும், பியூமரிக் அமிலத்தில் அவை எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால் அப்படி இலகுவில் மாறாது.

2024.06.09, ஞாயிறு

தாத்தாரிக் அமிலத்துக்கே திரும்புவோம், அதை விட்டுவர மனமில்லை. குழம்புக்குக் கரைக்கிற புளியில் இருப்பது இந்த அமிலம்தான், ஆனால் அது மெசோ வடிவம் அன்று, 2ஆர்,3ஆர் வடிவம். அதன் எனன்சியோமர் 2எஸ்,3எஸ். மெசோ வடிவம் இந்த இரண்டுக்கும் டயஸ்திரியோமர். இரண்டு கைரல் மையங்கள் இருந்தால் நான்கு திண்மச் சமபகுதியங்கள் என்ற கணக்கு இங்கே மூன்றோடு நிற்கிறது, ஏனென்றால் மூலக்கூறின் இரண்டு பாதிகளும் ஒன்றுபோல இருக்கின்றன. 2-புரோமோ-3-குளோரோபியூற்றேனில் பாதிகள் வேறு, அங்கே நான்கு முழுமையாக வரும். தம்பியின் விதியை முற்றாகத் தூக்கியெறிய வேண்டியதில்லை: பாதிகள் ஒன்றுபோல இருக்கின்றனவா என்று முதலில் பார்த்துவிட்டு அதைப் பயன்படுத்தலாம்.

1848இல் லூயி பாஸ்டர், தாத்தாரிக் அமிலத்தின் இரண்டு எனன்சியோமர்களும் சம அளவில் கலந்த சோடியம் அமோனியம் உப்பைப் பளிங்காக்கினார். பளிங்குகளில் இரண்டு வகை இருப்பதைக் கண்டார், ஒரு வகையில் சிறு முகம் வலப்புறம் சாய்ந்திருந்தது, மற்றதில் இடப்புறம். அவற்றைக் கையாலேயே ஒவ்வொன்றாகப் பிரித்து நீரில் கரைத்தார். ஒரு கரைசல் தளமுனைவாக்கப்பட்ட ஒளியை (ஒரே தளத்தில் மட்டும் அதிரும் ஒளியை) ஒரு பக்கம் திருப்பியது, மற்றது அதே அளவு எதிர்ப்பக்கம் திருப்பியது. சம அளவில் கலந்தால் திருப்பமே இல்லை. அப்போது அவருக்கு வயது 25. முதிய பௌதிகவியலாளரான பியோ தன் கண்முன் மறுபடி செய்துகாட்டச் சொல்லி, பார்த்த பிறகே ஏற்றுக்கொண்டார். காபனின் நான்கு பிணைப்புகளும் நான்முகி மூலைகளை நோக்கியிருக்கின்றன என்று வான்ட் ஹொவ்வும் லெ பெல்லும் சொன்னது 1874இல். அதற்கு 26 வருடங்களுக்கு முன்பே அந்த வித்தியாசத்தைக் கண்ணால் கண்டுவிட்ட மனிதர் இவர்.

இந்த உப்பு ஏறக்குறைய 27 பாகைக்குக் கீழ்தான் அப்படி இரண்டு வகையாகப் பிரிந்து பளிங்காகும். அதற்கு மேல் இரண்டும் ஒரே பளிங்குக்குள் கலந்துவிடும். கொழும்பு வெயிலில் இதைச் செய்ய முயன்றால் ஏமாற்றமே மிஞ்சும். நுவரெலியாவில் ஒரு யன்னல் ஓரம் போதும்.

2024.06.15

மேற்பொருந்துதல் பற்றி நான் எழுதியதில் ஒரு வாசகம் குறைகிறது. ஒற்றைப் பிணைப்பைச் சுற்றித் திருப்புவதற்கு எப்போதும் அனுமதி உண்டு. பியூற்றேன் நீண்டு நிற்பதும் மடங்கி நிற்பதும் சமபகுதியங்களாக நாம் எண்ணுவதில்லை; கைநீட்டி நிற்பவரும் கைகட்டி நிற்பவரும் ஒரே ஆள். சிஸ்-1,2-இருமெதயில்சைக்கிளோஎட்சேனின் கதிரை வடிவம் (வளையம் கதிரைபோல் மடிந்து நிற்கும் நிலை) ஒன்றை மட்டும் உறையவைத்துப் பார்த்தால் அது தன் ஆடி விம்பத்தோடு பொருந்தாது. ஆனால் அறை வெப்பநிலையிலேயே வளையம் மறுபக்கம் புரண்டு அந்த ஆடி விம்பமாகவே மாறிக்கொண்டிருக்கும். ஆகவே அதை ஒரே சேர்வை, மெசோ என்றே கொள்கிறோம். இதற்குத் தாளில் தட்டையாக வரைந்த வளையமே சரியான விடையைத் தருகிறது.

ஒற்றைப் பிணைப்பும் சில இடங்களில் திரும்ப மறுக்கும். இரண்டு பென்சீன் வளையங்களை இணைக்கும் பிணைப்பின் அருகே பருத்த கூட்டங்கள் நெருக்கினால் திருப்பம் தடைப்படும். 1922இல் கிறிஸ்டியும் கெனரும் அத்தகைய ஒன்றை இரண்டு எனன்சியோமர்களாகப் பிரித்தார்கள், அதில் கைரல் காபன் ஒன்றுமே இல்லை. உயர்தரத்துக்கு இது வேண்டியதில்லை. ஆனால் "கைரல் காபன் இல்லாவிட்டால் எனன்சியோமர் இல்லை" என்று யாரும் விதி எழுதி வைத்துவிடக்கூடாது.

2024.06.16, ஞாயிறு

தம்பிக்கு நான் தனியே கொடுத்திருந்த பயிற்சி இது. தேயிலையோடு தொடர்புடைய கட்டெச்சின் சேர்வைகளில் மூன்று: (−)-எபிகட்டெச்சின் 2ஆர்,3ஆர், (+)-கட்டெச்சின் 2ஆர்,3எஸ், முதலாவதை வெந்நீரில் வைத்துச் சூடாக்கும்போது 2ஆம் காபன் புரண்டு உண்டாகும் (−)-கட்டெச்சின் 2எஸ்,3ஆர். மூன்றுக்கும் சூத்திரம் ஒன்று: காபன் 15, ஐதரசன் 14, ஒட்சிசன் 6. உறவுகளைச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தேன்.

அவர் எழுதிய விடை: எபிகட்டெச்சினுக்கு மற்ற இரண்டும் டயஸ்திரியோமர்கள், ஏனென்றால் ஒவ்வொன்றோடும் ஒரு மையம் ஒத்து ஒரு மையம் மாறுகிறது. (+)-கட்டெச்சினும் (−)-கட்டெச்சினும் எனன்சியோமர்கள். 2ஆர்,3எஸ், 2எஸ்,3ஆர் என்று பழைய வினாவைப் போலவே தோன்றினாலும், இங்கே 2ஆம் காபனில் ஒட்சிசன் வளையத்தோடு ஒரு பென்சீன் வளையமும் 3ஆம் காபனில் ஐதரொட்சிலும் இருப்பதால் மறுமுனையிலிருந்து இலக்கமிட வழியில்லை. இவர்கள் உண்மையிலேயே இரண்டு பேர்.

விடை சரி, காரணமும் சரி. நான்காவதாக 2எஸ்,3எஸ் உடைய (+)-எபிகட்டெச்சினையும் சேர்த்துக்கொண்டால் ஆறு சோடிகள் வரும், அவற்றில் எனன்சியோமர் சோடிகள் இரண்டு, டயஸ்திரியோமர் சோடிகள் நான்கு.